சைல்ட் லொக், பவர் சட்டர், அலாரம்: வளவுக்குள் நிறுத்தி வைத்து ஒருக்கா சரிபாருங்கள்

ஏ9 வீதியில் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போவது குறைவு. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வரப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் பிள்ளைகள் பின்சீற்றில், திறப்பு காரிலேயே, ஏசி ஓடியபடி. நானும் அப்படி விட்டுவிட்டுப் போனவன்தான். திரும்பி வந்தால் அக்காவின் சின்னவன் பின்கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கச்சான்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறான், முழங்கால் கதவுச் சுவிட்சுக்கு மேலே, கண்ணாடி மெதுவாக ஏறுகிறது. பக்கத்தில் இருந்த அம்மம்மா சட்டையில் பிடித்து உள்ளே இழுத்ததால் காதில் ஒரு சிராய்ப்போடு முடிந்தது. இதில் என்னை உலுக்கியது என்னவென்றால், காரில் சைல்ட் லொக் போட்டிருந்தது. அதைப் போட்டால் பின்பக்கம் எல்லாமே லொக் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. சைல்ட் லொக் பின்கதவின் உட்கைபிடியை மட்டும் வேலை செய்யாமல் வைக்கும். பவர் சட்டரை, அதாவது மோட்டாரால் ஏறி இறங்குகிற கண்ணாடியை, நிறுத்துவதற்குச் சாரதியின் கதவில் வேறொரு பட்டன் இருக்கிறது. அலாரம் வெளியிலிருந்து வருகிற கள்ளனுக்காகச் செய்தது, உள்ளே இருக்கிற பிள்ளையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மூன்றும் மூன்று சோலி, ஒன்று மற்றதுக்கு உதவிக்கு வராது. எங்கள் பக்கம் ஓடுகிற கார்களில் நிறைய, ஜப்பானில் ஒருவர் ஓடி, கொழும்பில் ஒருவர் ஓடி, யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஓடிக் கடைசியில் கிளிநொச்சிக்கோ புதுக்குடியிருப்புக்கோ வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்தான் கைமாறிக் கைமாறி வந்தது. கையேடு இருந்தால் அதிர்ஷ்டம், இருந்தாலும் ஜப்பான் மொழியில் இருக்கும். ஆகவே ஒரு பின்னேரம் மாமர நிழலில் காரை நிறுத்தி, பிள்ளைகளை வீட்டுக்குள் விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக நீங்களே பாருங்கள். அரை மணித்தியாலம் போதும்.

முதலில் கதவு. பின்கதவைத் திறந்து, பூட்டு இருக்கிற ஓரத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு நெம்பு இருக்கும், பக்கத்தில் பிள்ளையின் படம் போட்டிருக்கும். கதவு மூடியிருந்தால் இது கண்ணுக்குத் தெரியாது. சில கார்களில் நெம்புக்குப் பதிலாக ஒரு வெட்டு இருக்கும், அதற்குள் திறப்பின் நுனியை வைத்துத் திருப்ப வேண்டும். இரண்டு கதவுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுகிறவர்கள் எக்கச்சக்கம். மறக்கவே கூடாதது வலது பக்கம். நாங்கள் இடப்பக்கமாக ஓடி இடப்பக்கமாக நிறுத்துகிறவர்கள், வலது கதவைப் பிள்ளை திறந்தால் நேரே பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் முன்னால்தான் இறங்கும்.

போட்ட பிறகு நம்பிவிடாதீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பின்சீற்றில் ஏறி, கதவை மூடி, உட்கைபிடியை இழுத்துப் பாருங்கள். திறக்கக்கூடாது. பிறகு கண்ணாடி வழியாகக் கையை வெளியே விட்டு வெளிக்கைபிடியால் திறந்து இறங்குங்கள். கண்ணாடியை இறக்காமல் ஏறினால் முன்சீற்றுக்கு மேலால் தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும், நான் வந்திருக்கிறேன், வயிறு இருக்கிறவர்களுக்கு அது வடிவான காட்சி இல்லை. எங்கள் கிரவல் ரோட்டுச் செம்புழுதி அந்த நெம்புக்குள் அடைந்து அது பாதியில் நிற்பதும் உண்டு, துடைத்துவிட்டு முழுதாகத் தள்ளுங்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிள்ளைகள் இல்லாத நாளில் அப்பப்பாவும் அப்பம்மாவும் பின்னால் இருப்பார்கள், அவர்களுக்கும் அதே கதவு திறக்காது. ஏதும் விபத்தென்றால் வெளியே நிற்கிறவர்தான் திறந்துவிட வேண்டும், அதற்கும் கதவு பூட்டுப்படாமல் இருக்க வேண்டும். ஆகவே பெரியவர்கள் மட்டும் போகிற பயணமென்றால் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத் திறப்பது எப்படி என்று அவர்களுக்கு ஒரு தடவை காட்டிக் கொடுங்கள்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உங்கள் கார்க் கதவில் என்ன மாதிரிச் சுவிட்ச் என்று பாருங்கள். சீசோப் பலகை போல, ஒரு நுனியை அழுத்தினால் இறங்கி மற்ற நுனியை அழுத்தினால் ஏறுகிற சுவிட்ச் என்றால் பிள்ளையின் முழங்கால், முழங்கை, பாதம் எது பட்டாலும் கண்ணாடி ஏறும். சின்னவனுக்கு நடந்தது அதுதான். ஏற்றுவதற்கு விரலைக் கொடுத்து மேலே இழுக்க வேண்டிய சுவிட்ச் என்றால் கொஞ்சம் நிம்மதி, தற்செயலாக அப்படி இழுபடாது. எதுவாக இருந்தாலும் பிள்ளை பின்னால் இருக்கிற நேரம் கண்ணாடி லொக் போட்டே இருக்கட்டும். சாரதியின் கதவில் நான்கு கண்ணாடிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்திவிட்டு மற்றக் கதவுகளுக்குப் போய் ஒவ்வொரு சுவிட்சையும் தட்டிப் பாருங்கள்.

லொக் போட்டாலும் பல கார்களில் சாரதி தன் பக்கத்திலிருந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றலாம். அதாவது இப்போது ஆபத்து உங்கள் விரலில். ஏற்றுவதற்கு முன் திரும்பிப் பாருங்கள். உள்ளே இருக்கிற முகக்கண்ணாடியில் பார்த்தால் சீற்றுக்குப் பின்னால் நிற்கிற மூன்று வயதுப் பிள்ளை தெரியாது. வாயாலும் சொல்லுங்கள், "கண்ணாடி ஏத்திறன், கையை எடுங்கோ" என்று. எங்கள் வீட்டில் இப்போது இதைப் பிள்ளைகளே எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"தடக்கினால் கண்ணாடி தானாக இறங்கும் தானே?" என்று கேட்பீர்கள். எல்லாக் கண்ணாடியும் இறங்காது. சுவிட்சில் ஓட்டோ என்று எழுதியிருக்கும் (முச்சக்கர வண்டி இல்லை, தானாக ஏறி இறங்குவது), ஒரே தட்டில் முழுதாக ஏறுகிற கண்ணாடிக்குத்தான் பெரும்பாலும் அந்தத் தடுப்பு இருக்கும். அது நிறையக் கார்களில் சாரதியின் கண்ணாடி மட்டும்தான். பிள்ளை இருக்கிற பின்கண்ணாடிக்கு ஒன்றும் இருக்காது, மோட்டாரின் முழுப் பலத்தோடு ஏறும். அமெரிக்க விதியில், தானாக ஏறுகிற கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல் அழுத்த முன்பு திரும்பிவிட வேண்டும் என்று இருக்கிறது. 100 நியூட்டன் என்பது 10 கிலோ அரிசிப் பையின் பாரம், தடுப்பு வேலை செய்கிற கண்ணாடியே அவ்வளவு அழுத்தலாம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். சோதிப்பதற்குக் கையை வைக்காதீர்கள். வளவில் வாழை இருந்தால் ஒரு துண்டு வாழைத்தண்டை நிறுத்திப் பிடித்து, கை சட்டத்துக்குத் தூரமாக இருக்க, ஏற்றிப் பாருங்கள். இறங்கினால் தடுப்பு உண்டு, தண்டு நசிந்தால் இல்லை. தடுப்பு உள்ள கண்ணாடியும் கடைசி ஒரு சில மில்லிமீற்றரில் எதையும் உணராது, ஒல்லி விரல் நசிவது அங்கேதான். சுவிட்சை விடாமல் பிடித்து ஏற்றினால் தடுப்பு வேலை செய்யாத கார்களும் இருக்கின்றன.

பற்றரி மாற்றிய பிறகு ஓட்டோ வேலை செய்யாமல் போவது எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கிறது, கராஜில் மோட்டார் போய்விட்டது என்றுகூடச் சொல்லுவார்கள். காசு கொடுக்க முன்பு ஒன்று செய்து பாருங்கள். இயந்திரத்தை ஸ்ரார்ட் பண்ணி, கண்ணாடியை முழுதாக இறக்கி, பிறகு சுவிட்சை இழுத்துப் பிடித்தபடி முழுதாக ஏற்றி, ஏறி முடிந்த பிறகும் சில விநாடி விடாமல் பிடித்திருங்கள். பல கார்களில் ஓட்டோவும் அதோடு தடுப்பும் திரும்பி வந்துவிடும். வந்ததும் மறுபடி வாழைத்தண்டு.

காரை நிறுத்திவிட்டால் கண்ணாடியும் நின்றுவிடும் என்பதும் சரியில்லை. பல ஜப்பான் கார்களில் நிறுத்திய பிறகும் முக்கால் நிமிடமளவு, முன்கதவு திறக்கும் வரைக்கும் கண்ணாடி வேலை செய்யும். பட்டனால் ஸ்ரார்ட் பண்ணுகிற கார் என்றால் இன்னும் கவனம். திறப்பு உங்கள் கைப்பையில், கைப்பை சீற்றில், பிள்ளை பிரேக்கை மிதிக்காமலே பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் காருக்கு மின்சாரம் வந்துவிடும். இறங்கினால் திறப்பும் உங்களோடு இறங்க வேண்டும், பிள்ளையும் உங்களோடு இறங்க வேண்டும், பிள்ளையாரடியில் என்றாலும்.

இனி அலாரம். கார் வாங்கிய பிறகு தனியாகப் பொருத்துகிற அலாரங்களில் ஒரு வசதி வைத்து விற்கிறார்கள், றிமோட்டால் லொக் பண்ணினால் நான்கு கண்ணாடியும் தானாக ஏறிவிடும். மழை நாளில் நல்லதுதான். என் அயலவர் ஒருவர் அதைப் பொருத்துவித்தார், அந்தக் கண்ணாடிகளில் எதற்கும் தடுப்பு இல்லை, பொருத்திக் கொடுத்தவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுப் படியில் நின்று றிமோட்டை அழுத்துகிறார், வளவில் நிற்கிற காரின் கண்ணாடிக்குள் யாருடைய கை இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் அந்த வயரைக் கழற்றிவிடச் சொல்லுவேன். வேண்டுமென்றால் காருக்குப் பக்கத்தில் நின்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டு மட்டும் அழுத்துங்கள்.

இன்னொரு குணமும் உண்டு. றிமோட்டால் திறந்துவிட்டு அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் சில அலாரங்கள் திரும்பத் தானாகப் பூட்டிக்கொள்ளும். வேறு சில, பிரேக் மிதித்ததும் பூட்டும். திறப்பு உள்ளே, பிள்ளை உள்ளே, நீங்கள் வெளியே. உங்கள் அலாரத்துக்கு இந்தக் குணம் இருக்கிறதா என்று, கையில் இரண்டாவது திறப்பை வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சோதியுங்கள். இரண்டாவது திறப்பை அந்தக் காருக்குள்ளேயே வைத்திருக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன், ஒன்றும் சொல்வதற்கில்லை.

வன்னி வெயிலில் இது விளையாட்டு இல்லை. 2005 இல் அமெரிக்காவில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அளந்து பார்த்தார்கள், ஒரு மணித்தியாலத்தில் உள்ளே சராசரியாக 22 பாகை செல்சியஸ் அளவு கூடியது, அதில் பெரும்பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டதும் பெரிதாக உதவவில்லை. பங்குனி சித்திரையில் வவுனியாவில் அடிக்கிற 35 பாகை வெயிலோடு கூட்டிப் பாருங்கள். பிள்ளையின் உடம்பு பெரியவரை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஆகவே பிள்ளை உள்ளே மாட்டிவிட்டால் கம்பி விட்டுத் திறக்கத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு ஒருவர் அடிக்கட்டும், மற்றவர் பிள்ளைக்குத் தூரமான பக்கக் கண்ணாடியை உடைக்கட்டும். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து தாங்கும், மூலையில் கூரான ஒன்றால் அடியுங்கள். அலாரம் அடிக்கும், அடிக்கட்டும்.

சும்மா சும்மா அடிக்கிற அலாரத்துக்கும் மருந்து உண்டு. குரங்கு கூரையில் பாயும், பனம்பழம் விழும், மணல் டிப்பர் போனால் நிலம் அதிரும், நடுச்சாமத்தில் ஊரே எழும்பும், நாலாம் நாள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதிர்வு உணரும் பெட்டியில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும், அதைக் குறைத்துவைக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் கையால் பலமாகத் தட்டினால் அடிக்க வேண்டும், காற்றுக்கு அடிக்கக்கூடாது. றிமோட்டின் பற்றரி இறங்கி, இரும்புத் திறப்பால் கதவைத் திறந்தாலும் அலாரம் அடிக்கும். பல கார்களில் அந்தத் திறப்பையே போட்டுத் திருப்பினால் நின்றுவிடும். பட்டன் ஸ்ரார்ட் கார்களில் செத்த றிமோட்டைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள்.

பற்றரியை மாற்றும்போது, 2032, 1632 என்று பழையதில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்தே வாங்குங்கள். கழற்றியதை மேசையில் வைக்காதீர்கள். இந்தக் காசு மாதிரிப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடும். விழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரி, வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அழுகிற பிள்ளைக்கு றிமோட்டைக் கொடுத்துச் சமாதானப்படுத்துகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது, தண்ணீர். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு வீதிகள் எப்படி இருந்தன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளக்கட்டு ரோட்டில் கார் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் கதவைத் தள்ளி மினக்கெடாதீர்கள், தண்ணீர் அழுத்துவதால் அது திறக்காது. கார் மிதக்கிற முதல் அரை, ஒரு நிமிடத்துக்குள் பெல்ட்டைக் கழற்றி, உங்கள் பக்கச் சுவிட்சுகளால் கண்ணாடிகளை இறக்குங்கள், பிள்ளைகளை முதலில் வெளியே விடுங்கள். தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு ஏறிவிட்டால் மோட்டார் இழுக்காது, பிறகு உடைக்கத்தான் வேண்டும். அதற்கென்று கூர்முனைச் சின்னச் சுத்தியல் விற்கிறார்கள். வாங்கினால் டிக்கியில் போடாதீர்கள், பெல்ட்டோடு இருந்தபடி கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். என்னுடைய காரில் அது கியருக்குப் பக்கத்தில், முன்பு கச்சான் சரை வைக்கிற பள்ளத்தில் இருக்கிறது.