கார் உள்பக்க பிளாஸ்டிக்கில் கீறலா? உப்புத்தாளை எடுப்பதற்கு முன் படியுங்கள்

கொங்குப் பக்கம் கார் வாங்கினால் அதில் ஆள் மட்டுமா ஏறுகிறார்கள்? காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டக் கொண்டுபோகும் கிணற்று மோட்டார், ஈரோட்டு மஞ்சள் மூட்டை, திருப்பூர் பனியன் பண்டல், பொள்ளாச்சித் தேங்காய் எல்லாம் டிக்கியில் ஏறும். டிக்கி ஓரத்திலும் கதவடியில் இருக்கும் பட்டையிலும் கதவின் உள்பக்கப் பலகையான டோர் பேடிலும் வெள்ளைக் கோடு விழாத வண்டியைப் பார்ப்பதே அபூர்வம். கோடு விழுந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லும்படி, சரிசெய்யப் போய்ப் பேனலையே கெடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பார்க்கிற வெள்ளைக் கோட்டையெல்லாம் கீறல் என்று முடிவு கட்டுவதில் தவறு தொடங்குகிறது. செருப்பு ரப்பர், பெட்டியின் பெயின்ட், சாக்கு நார் இவையும் பிளாஸ்டிக்கில் ஒட்டி அப்படியே தெரியும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய டூத் பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்த பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் வேலை பெரும்பாலும் அதோடு முடிந்தது.

அடுத்தது உப்புத்தாள். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். டேஷ்போர்டையும் டோர் பேடையும் உற்றுப் பாருங்கள், தோல் போல வரிவரியாக இருக்கும். அந்த வரி அச்சிலேயே வார்த்தது, மேலே பூசியது கிடையாது. உப்புத்தாள் பட்டால் அந்த இடம் மொழுமொழுவென்று ஆகிவிடும், எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. விரல் நீளக் கீறலுக்காக உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தால், முன்பு பக்கத்தில் வந்தால் தெரிந்தது இனிமேல் தூரத்திலிருந்தே தெரியும்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் நல்ல கருவிதான். மேலோட்டமான கீறலில் இலேசாகச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகி வெண்மை மங்கும். ஆனால் உள்பக்கப் பேனல்களில் அதிகம் இருப்பது பாலிபுரொப்பிலீன். சுமார் 160 டிகிரியில் அது உருகிவிடும். ஹீட் கன்னோ 500 டிகிரிக்கு மேலும் சூடு தரக்கூடியது. ஒரே இடத்தில் பிடித்தால் வரிகள் படுத்துப் பளபளவென்று திட்டு விழும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் அசைத்து, சில நொடிகள் காட்டிவிட்டு ஆறவிட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்போது விரலால் அமுக்க வேண்டாம், ரேகை பதிந்துவிடும். சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ நின்ற வண்டியில் பேனல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் காலையில், நிழலில் செய்யுங்கள். ஆழமாகப் பள்ளம் விழுந்த கீறல் சூட்டில் நிரம்பாது.

ஏர்பேக் இருக்கும் இடத்தில் இது எதுவுமே கூடாது. ஸ்டீயரிங் நடுப்பகுதி, இடதுபக்க டேஷ்போர்டு, சில வண்டிகளில் முன்கண்ணாடி ஓரத் தூண், இவற்றில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும். பை விரியும்போது மூடி சரியான இடத்தில் கிழிய வேண்டும் என்று கணக்குப் பண்ணிச் செய்திருக்கிறார்கள். அங்கே சூடு, பள்ளம் நிரப்பும் பட்டி, பெயின்ட், மேலே ஒட்டும் உறை எதுவும் வேண்டாம். கீறல் இருந்தால் இருக்கட்டும்.

பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இவற்றால் துடைப்பதும் ஆபத்து. நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் இருக்கும் அசிட்டோனில் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் கரைந்தே போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு மறையும், அப்புறம் தூசி அப்பிக்கொள்ளும். பஞ்சுத் தூசி பறக்கும் திருப்பூரில் கேட்கவே வேண்டாம். சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு ஸ்ப்ரேயும் கீறலைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். பின்னால் பெயின்ட் அடிக்க நினைத்தால் மீன்கண் மாதிரி குழி குழியாக வரும்.

பட்டி வைப்பவர்கள் முதலில் பேனலைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். பிபி என்றால் அது பாலிபுரொப்பிலீன். சாதாரண பசையும் எபாக்ஸி பட்டியும் அதில் பிடிக்காது, உரிந்து வரும். பெயின்ட் அடிப்பதானாலும் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் நிற்காது. கழற்றுவதற்குத் திருப்புளியை நுழைத்து நெம்பாதீர்கள், கிளிப் உடைவதோடு புதுக் கீறலும் விழும். அதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் நெம்பியை வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

பளபள கருப்புப் பேனல் கதை வேறு. அதில் வரி கிடையாது, மெல்லிய கீறலைப் பிளாஸ்டிக் பாலிஷால் தேய்த்து எடுக்கலாம். பற்பசை வேண்டாம், மங்கலாகிவிடும். மேலே தூசி இருக்கும்போதே காய்ந்த துணியால் துடைப்பதால்தான் அங்கே பாதிக் கீறல் விழுகிறது.

டிக்கி ஓரமும் கதவடிப் பட்டையும் ஆழமாகக் கிழிந்திருந்தால் மெனக்கெட வேண்டாம். பெரும்பாலான வண்டிகளுக்கு அவை தனி உதிரி பாகமாகவே கிடைக்கும். புதுசு மாட்டிய பிறகு, மோட்டார் ஏற்றும் முன் ஓரத்தில் கெட்டியான ரப்பர் மேட்டை மடித்துப் போடுங்கள். இறக்கும்போது இழுக்காமல் இரண்டு பேராகத் தூக்கி இறக்குங்கள்.