சிங்கப்பூரில் மழலையர் பள்ளி ஆசிரியர் வேலை: எங்கே சறுக்குகிறோம்?

சிங்கப்பூர் மழலையர் பள்ளி வேலைக்கு முயல்பவர்கள் பலரும் சறுக்குவது கற்பிக்கும் திறமையில் அல்ல, வேலை அனுமதியில்தான். "வொர்க் பெர்மிட் போட்டுடலாம் மேடம்" என்று ஏஜென்ட் ஆரம்பித்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். வொர்க் பெர்மிட் என்பது குறைந்த சம்பள வேலைகளுக்கான அனுமதி; மழலையர் பள்ளிகள் சேரும் சேவைத் துறையில் இந்தியர்களுக்கு அது கிடைப்பது சமையல்காரர் போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே. ஆசிரியர் வேலை அதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான அனுமதி) அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் (அதைவிட உயர்ந்த சம்பளமுள்ள தொழில்முறை வேலைகளுக்கான அனுமதி).

எஸ் பாஸுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடினால் அதுவும் கூடும். அப்படியிருக்க, "1,800 வெள்ளி, சாப்பாடு இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆசிரியர் வேலை எந்தப் பாஸில் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

பள்ளியின் அளவைப் பார்க்காமல் விண்ணப்பிப்பதும் வீண்வேலை. சேவைத் துறையில் எஸ் பாஸ்காரர்கள் மொத்த ஊழியர்களில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒன்பது உள்ளூர் ஊழியர்கள் இருந்தால்தான் ஒரு எஸ் பாஸ். ஐந்தாறு பேர் நடத்தும் சின்னப் பள்ளிக்கு உங்களைப் பிடித்துப்போனாலும் எஸ் பாஸில் எடுக்க முடியாது.

அடுத்தது சான்றிதழ் மோகம். மூன்று மாத ஆன்லைன் மான்டிசோரி டிப்ளமோவுக்குப் பணம் கட்டிவிட்டு, "இது அங்கே செல்லுமா?" என்று அப்புறம் விசாரிப்பவர்களே அதிகம். அங்கே பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குச் சான்று அளிப்பது ஈசிடிஏ என்ற அரசு அமைப்பு. எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதும் உங்கள் தகுதியைப் பொறுத்தே அமையும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே, உங்களை எடுக்க நினைக்கும் பள்ளியிடம் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

தமிழ் ஆட்சிமொழி என்பதால் தமிழாசிரியர் வேலை சுலபமாகக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆனால் அங்கே பல வீடுகளில் ஆங்கிலம்தான் புழங்குகிறது. நீங்கள் தமிழில் கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். அதைத் திட்டாமல், விளையாட்டிலும் பாட்டிலும் தமிழுக்கு இழுத்து வரத் தெரிய வேண்டும். "எல்.கே.ஜி.யிலேயே முழு வாக்கியம் எழுத வைத்தேன்" என்று நேர்காணலில் பெருமைப்பட்டால் எடுபடாது. ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குத் தயாராகப் போங்கள். முழுநாள் பராமரிப்பு நிலையம் என்றால் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஷிப்ட் முறை. குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் ஆசிரியர் வேலைதான்.

சுற்றுலா விசாவில் போய், "இரண்டு நாள் ட்ரையல் பாருங்க" என்றதும் வகுப்பில் நிற்பது பெரிய ஆபத்து. சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். பாஸ் இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கடைசியாகப் பணம். சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். எஸ் பாஸ் ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வையான லெவி முதலாளியின் செலவு. "சம்பளம் பேங்கில் முழுசா வரும், 500 வெள்ளியைக் கையில் திருப்பிக் கொடுத்துடுங்க" என்று முதலாளி கேட்டால் அது அங்கே குற்றம். பாஸுக்கான முன் ஒப்புதலான ஐபிஏ கடிதம் வந்ததும் அதில் உள்ள சம்பளத்தை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் டிக்கெட் போடுங்கள்.