உவமையா, உருவகமா? குழப்பம் தீர ஒரு வழி

மாணவர்களே, உவமை முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘மலர்விழி’யில் மலர் முன்னால் வருகிறது; மலர் போன்ற விழி என்று விரியும், ஆகவே உவமைத்தொகை. ‘விழிமலர்’ என்று திருப்பினால் விழியாகிய மலர், அது உருவகம்.

அணி கேட்டால் ‘போல’ மாதிரி உருபைத் தேடுங்கள். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்பதில் உருபு வெளிப்படையாக இருக்கிறது, உவமையணி. ‘அகர முதல’ குறளில் உவமையும் பொருளும் தனித்தனித் தொடர்கள், நடுவே உருபு இல்லை. அது எடுத்துக்காட்டு உவமையணி.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ‘பிறவிப் பெருங்கடல்’ குறள். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார். ஒரு பகுதியை மட்டும் உருவகம் செய்வதால் ஏகதேச உருவக அணி. விளக்கம் எழுதும்போது இந்த விடுபட்ட தெப்பத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.