வயிறு வெடிக்காத களிமண் பிள்ளையார்

பாரூர் பெரிய ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் நான் மண்ணைத் தொட்டேன். சொல்லிக்கொடுத்தவர் மாமனார். 31 வருஷமாக ஆவணி பிறந்தால் எங்கள் திண்ணையில் பிள்ளையார்கள்தான். அச்சில் அமுக்கி ஒரே நாளில் நூறு எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு தொழில். இங்கே சொல்லப்போவது வீட்டுப் பூஜைக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரே ஒரு பிள்ளையாரைக் கையாலேயே பிடிக்கும் முறை. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தால் முதல் தடவையே நன்றாக வரும். மூக்கு முழி அமைவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு வெடிப்பு. கல்யாணமான மூன்றாம் வருஷம், போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் ஒருவர் முன்பணம் கொடுத்து ஒரு முழ உயரத்தில் பிள்ளையார் கேட்டிருந்தார். மாமனார் வெளியூர் போயிருந்தார். நானே செய்தேன். தொப்பை நல்ல கனமாக இருக்கட்டும் என்று மண்ணை உருண்டையாக அப்படியே வைத்துவிட்டேன். மழை நாள், சீக்கிரம் காயவில்லை. அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். சதுர்த்திக்கு முந்தின நாள் விடியற்காலையில் பார்த்தால் தொப்புளிலிருந்து மார்பு வரை விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. திரும்பி வந்த மாமனார் திட்டவில்லை. பிளவில் கட்டைவிரலை விட்டு இரண்டாகப் பிரித்துக் காட்டினார். வெளியே ஒரு விரற்கடை வெளுத்துக் கல்லாகக் காய்ந்திருந்தது. உள்ளே கறுப்பாக, நேற்றுப் பிசைந்த மாதிரி ஈரம். "வயித்துக்குள்ள ஒரு படி மண்ண அடச்சு வச்சா தண்ணி எந்த வழியாம்மா போகும்?" என்றார். களிமண் காயும்போது சுருங்கும். வெளிப்பக்கம் சுருங்கி இறுகும்போது உள்பக்கம் சுருங்காமல் அப்படியே நின்றால், சின்னச் சட்டையைப் பெரிய உடம்பில் மாட்டியது போலத் தெறித்துவிடும். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையாருக்கும் வயிறு கூடுதான்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காடெல்லாம் செம்மண். அது பிள்ளையாருக்கு ஆகாது, பிடித்தால் உதிரும். ஏரியின் அடியில் படிந்த களிமண்தான் வேண்டும். எங்கள் ஏரிக்கு நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. அது கொண்டுவந்து போட்ட மண் மாவு போல நைசாக இருக்கும். ஏரியில் மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும். ஒரே ஒரு பிள்ளையாருக்கு அந்த அலைச்சல் எதற்கு? பானை செய்கிறவர் வீட்டில் கேட்டால் மிதித்துப் பதமாக்கிய மண்ணே கிடைக்கும். பெரிய தேங்காய் இரண்டு அளவு போதும், மூன்று மூன்றரைக் கிலோ வரும். வாங்குவதற்கு முன்னால் சுண்டுவிரல் தடிமனில் ஒரு திரி உருட்டி ஆள்காட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். விரியாமல் வளைந்தால் நல்ல மண். ஓரமெல்லாம் பிளந்தால் மணல் அதிகம் என்று அர்த்தம். அதில் சாணிப் பிள்ளையார் போல வெறும் உருண்டையாகப் பிடிக்கலாம், தும்பிக்கை செய்ய முடியாது.

காய்ந்த கட்டியாகக் கிடைத்தால் அதை உடைத்து, கல், வேர் பொறுக்கி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் தண்ணீரில் போடுங்கள். பாதி ஈரமாக இருக்கும் கட்டி தண்ணீரில் கிடந்தாலும் லேசில் கரையாது. முழுக்கக் காய்ந்த கட்டி தானாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் கரைக்கும்போதும் இதேதான். ஊறின சேற்றைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சாக்கின் மேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விடுங்கள். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்றுமணல் சேர்த்தால் சுருக்கம் குறையும். ஒரு கைப்பிடிப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் காது, கை மாதிரி மெல்லிய உறுப்புகள் முறியாது. கேழ்வரகுக் களியை உருண்டை பிடிக்கிற பதம் தெரியும் அல்லவா? அதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும்.

நாள் கணக்கும் முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் நம் பக்கம் மழை வரும் காலம், காற்றிலேயே ஈரம் இருக்கும். 2026-இல் சதுர்த்தி செப்டம்பர் 14. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிடித்துவிட்டால் அவசரமே இல்லை.

ஒரு பலகையில் செய்தித்தாள் விரித்து வேலையைத் தொடங்குங்கள். தாள் இல்லாவிட்டால் அடிப்பாகம் பலகையைக் கவ்விக்கொண்டு சுருங்க முடியாமல் வெடிக்கும். ஒரு விரல் தடிமனில், ஒரு சாண் அகலத்தில் தட்டையாகத் தட்டினால் அதுதான் பீடம். நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை போடுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற அதுதான் வாசல். பூஜையில் யார் கண்ணுக்கும் தெரியாது.

வயிற்றுக்கு ஒரு பெரிய களி உருண்டை அளவு மண். கட்டைவிரலை நடுவில் இறக்கி, சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தால் சின்னச் சட்டி போல விரியும். எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடைக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது. குறைவதைவிட ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைவதுதான் ஆபத்து. இந்தச் சட்டியைக் கவிழ்த்துப் பீடத்தின் மேல் உட்கார வையுங்கள். கவிழ்த்த சட்டியைப் பார்த்தவுடனே தொப்பை தெரிந்துவிடும், அங்கேயே எனக்குப் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும்.

எந்த இரண்டு பாகத்தை ஒட்டினாலும் ஒரே முறைதான். ஒட்டும் இரண்டு இடத்தையும் பழைய சீப்பால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். அதே மண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்துத் தடவி, லேசாக ஆட்டி அமுக்குங்கள். விளிம்பு மறையும்படி மண்ணை விரலால் இழுத்து மெழுகிவிடுங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் அப்போது நிற்கும், காய்ந்ததும் கை தனியாகக் கழன்று விழும்.

கால்களுக்கு வெள்ளரிப்பிஞ்சு கனத்தில் இரண்டு திரி உருட்டி மடித்து முன்னால் வையுங்கள். கைகளுக்கு அதைவிட மெல்லிதாக நான்கு. பின்னிரண்டு கை மேலே தூக்கியிருக்கும், அவற்றில் பாசமும் அங்குசமும். முன் வலக்கையில் ஒடிந்த தந்தம், முன் இடக்கையில் மோதகம். தூக்கிய கை தொங்காமல் இருக்க உள்ளே ஈர்க்குச்சி செருகுகிறார்கள். நான் செருகுவதில்லை. மண் சுருங்கும், குச்சி சுருங்காது, குச்சி நெடுகக் கோடு விழும். கைக்கு அடியில் வெளியே துணி உருண்டை ஒன்றை முட்டுக்கொடுத்து, மறுநாள் எடுத்துவிட்டால் போதும்.

தலைக்குச் சாத்துக்குடி அளவு. அதையும் கீழிருந்து விரல் விட்டுக் குடைந்து வயிற்றின் மேல் ஒட்டுங்கள். பிள்ளையாருக்குக் கழுத்து தெரியாது, தயங்காமல் அமுக்கலாம். காதுக்கு எலுமிச்சை அளவு மண்ணை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அடை தட்டுவது போலத் தட்டி, வெற்றிலை வடிவில் இழுத்து, அடிப்பக்கம் மட்டும் தடிமனாக விடுங்கள்.

தும்பிக்கையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நீளத் திரியை முகத்தில் கொண்டுபோய்ச் சொருகினால் குழாய் மாட்டின மாதிரி இருக்கும். யானைக்கு நெற்றியே இறங்கித் தும்பிக்கையாகிறது. அதனால் திரியின் மேல்முனையை அகலமாகத் தட்டி, இரண்டு கண்ணுக்கும் நடுவில் வைத்து, நெற்றி வரை மெழுகி ஏற்றுங்கள். கீழே வர வர மெலிந்து, மோதகத்தின் பக்கம் வளையட்டும். இடப்பக்கம் என்றால் பிள்ளையாரின் இடப்பக்கம், நமக்கு எதிரே வலதுபுறம். வலம்புரி வேண்டுமானால் மாற்றி வளைக்கலாம், நாங்கள் வீட்டுக்கு இடம்புரிதான் செய்கிறோம். தும்பிக்கை காற்றில் நிற்க வேண்டாம், வயிற்றில் சாய்ந்தே கிடக்கட்டும். கடைசியாக ஈர்க்குச்சியால் குறுக்கே வரி வரியாக அழுத்தினால் உயிர் வந்துவிடும். வலத் தந்தம் குட்டையாக ஒடிந்தது, இடது முழுசு. கிரீடம், பூணூல், இடுப்புத் துணி மடிப்பெல்லாம் உங்கள் கைப்போக்கு. மூஞ்சூறை எங்கள் வீட்டில் குழந்தைகளிடம் கொடுத்துவிடுவேன். வால் நீளமாகப் போனாலும் திருத்த மாட்டேன்.

கண்ணுக்குக் குன்றிமணி. ஈர மண்ணில் அதைப் பதித்து அப்படியே விட்டால் மண் சுருங்கிச் சுற்றிலும் கீறல் விழும், சிலது தெறித்தும் விழும். ஈரத்தில் குன்றிமணியை அழுத்திக் குழி மட்டும் எடுத்து, கொஞ்சம் ஆட்டிப் பெரிதாக்கி, மணியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். சதுர்த்தி காலையில் குளித்துவிட்டு, குழியில் ஒரு சொட்டுச் சேறு வைத்துக் கறுப்புப் பொட்டு முன்னால் தெரியும்படி ஒட்டுங்கள். அதுவரை கண் இல்லாத உருவம், அந்த நிமிஷம் நம்மைப் பார்க்கும். எத்தனை செய்தாலும் அந்த இடத்தில் என் கை நின்றுதான் போகிறது. குன்றிமணி கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். எண்ணி எடுத்து, மிச்சத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி காயவைப்பது. முதல் இரண்டு நாள் ஈரத்துணியைப் பிழிந்து மேலே போர்த்துங்கள். காது, விரல், தும்பிக்கை நுனி முதலில் காய்ந்துவிடும், வயிறு பின்தங்கும். துணி போட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் வரும். மூன்றாம் நாள் துணியை எடுத்து, வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத மூலையில் வைத்து, தினமும் கால் சுற்றுத் திருப்புங்கள். தொட்டால் ஒட்டாமல், நகம் மட்டும் பதிகிற பதம் வந்ததும் வழவழப்பான கூழாங்கல்லால் தொப்பையைத் தேயுங்கள். எண்ணெய் தடவின மாதிரி மினுக்கம் வரும், சாயமே வேண்டாம். காய்ந்ததா என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தூக்கி அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. எனக்குப் பத்து நாள் ஆகும், மழை பிடித்தால் பன்னிரண்டு.

மயிரிழைக் கீறல் வந்தால் பயப்பட வேண்டாம். காய்ந்த மண்ணைப் பொடியாக்கி, துளித் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, கீறலை நனைத்து அடைத்துத் தேயுங்கள். நீர்த்த குழம்பை ஊற்றினால் அதுவே மறுபடி சுருங்கித் திறந்துகொள்ளும்.

வண்ணம் வேண்டும் என்பவர்களுக்குச் சுண்ணாம்பு, காவி, அடுப்புக்கரி, மஞ்சள் போதும். சுண்ணாம்பு பூசிய இடத்தில் மஞ்சள் பட்டால் சிவந்துவிடும். ஒரு வருஷம் மஞ்சள் பட்டு வேட்டி கட்டப் பார்த்து, குங்கும நிறத்தில் கட்டிவிட்டேன். அதுவும் அழகாகத்தான் இருந்தது. பெயிண்ட், வார்னிஷ், ஜிகினா வேண்டாம். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை தள்ளி வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆறுதான் எங்கள் ஏரிக்கு வருகிறது, அதன் மேல் இன்னும் ஒரு பாரத்தை ஏற்ற எனக்கு மனசு வராது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய நெறிமுறைகளும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம், மண்ணால் செய்யுங்கள் என்றுதான் சொல்கின்றன.

பூஜையில் மனைப்பலகையில் வாழையிலை போட்டு, அரிசி பரப்பி உட்கார வையுங்கள். எருக்கம்பூ மாலை, அருகம்புல், காகிதக் குடை. சுடாத மண் என்பதால் பால், தண்ணீர் அபிஷேகம் கூடாது. அதற்கு மஞ்சளில் ஒரு சின்னப் பிள்ளையார் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெரியவருக்குப் பூவால் இரண்டு சொட்டுத் தெளித்தால் போதும்.

மூன்றாம் நாள் தயிர்சாதம் படைத்து, குன்றிமணிகளையும் மாலையையும் எடுத்துவிட்டு, ஏரிக்கோ கிணற்றுக்கோ போக முடியாதவர்கள் வீட்டிலேயே பெரிய அண்டாவில் கரைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிள்ளையார் என்றால் தண்ணீரில் வைத்ததும் கீழே இருக்கும் ஓட்டை வழியாக முதலில் காற்றுக் குமிழி வரும். அப்புறம் காது, பிறகு கை, பொழுது விடிவதற்குள் எல்லாமே அடியில் படிந்திருக்கும். தெளிந்த தண்ணீரை முருங்கைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். அடியில் நிற்கும் மண்ணைக் கொட்டிவிடாமல் பழைய பானையில் எடுத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி நிழலில் வையுங்கள். சாக்கு காயும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். ஒரு வருஷம் ஊறின மண் புது மண்ணைவிட நன்றாக வளையும். அடுத்த ஆவணியில் தும்பிக்கைக்கு மட்டும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.