விழும் கியூப்சாட்டை வைத்து மேல்வளி அடர்த்தியைக் கணக்கிடுவது எப்படி?

400 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இருக்கிறது என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். ஆனால் அங்கே சுற்றும் கியூப்சாட் போன்ற குட்டிச் செயற்கைக்கோளை மெல்ல மெல்லக் கீழே இறக்க அது போதும். இறங்கும் வேகம் தெரிந்தால் அடர்த்தி கிடைத்துவிடும். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் சாயங்காலமானால் மழைமேகம்தான், ஆனால் இதற்கு வானத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் சரி. பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டுதான் தொடங்குவேன் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நம் நாட்டு யூஐடிஎம்சாட்-1 இதற்குத் தோதானது. பத்து சென்டிமீட்டர் கனசதுரம், 2018 ஆகஸ்டில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. உந்துபொறி கிடையாது. விண்வெளி நிலையத்தையே எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றால், கூடாது. அதை அவ்வப்போது மேலே தள்ளிவிடுகிறார்கள்.

ஸ்பேஸ்-டிராக் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து, 2019க்குரிய டி.எல்.இ. பதிவுகளை, அதாவது கோளின் சுற்றுப்பாதை விவரங்களை, இறக்குங்கள். ஒவ்வொன்றும் இரண்டு வரி. முதல் வரியில் நாள்: 19045.5 என்றால் 2019இன் 45ஆம் நாள் நண்பகல். இரண்டாம் வரியில் 53 முதல் 63ஆம் இடம்வரை, ஒரு நாளில் எத்தனை சுற்று என்பது. முதல் வரியிலேயே பீஸ்டார் என்று காற்றின் இழுவையைக் குறிக்கும் ஓர் எண்ணும் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். கணிப்பு பொருந்துவதற்காகச் சரிக்கட்டிய எண் அது, சில நேரம் எதிர்மறையாகக்கூட வரும்.

86400ஐச் சுற்று எண்ணால் வகுத்தால் ஒரு சுற்றின் நேரம். அதை 2π-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, 3.986 × 10¹⁴ஆல் (பூமியின் ஈர்ப்புக்குரிய மாறிலி) பெருக்கி, கனமூலம் எடுத்தால் பூமியின் மையத்திலிருந்து தூரம் மீட்டரில் வரும். 15.54 சுற்றுக்குச் சுமார் 6,783 கிலோமீட்டர். ஒரு வாரமாவது இடைவெளி விட்ட இரு பதிவுகளை ஒப்பிடுங்கள். நாளைக்கு 100 மீட்டர் இறங்கினால் சுற்று எண் 0.0003 அளவுதான் மாறும், அதனால் எட்டுத் தசம இடத்தையும் அப்படியே வையுங்கள்.

அடுத்தது பரப்பு. பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு முகம் 0.01 சதுர மீட்டர், அதையே போட்டுவிடத் தோன்றும். ஆனால் கோள் உருண்டுகொண்டே போகிறது. முகம் நேராக இருந்தால் 0.01, மூலை முன்னால் வந்தால் 0.0173. எல்லாப் பக்கமும் சமமாக உருண்டால் சராசரி, மொத்தப் புறப்பரப்பில் கால்வாசி: 0.06 ÷ 4 = 0.015. இதைக் கவனிக்காவிட்டால் அடர்த்தி ஒன்றரை மடங்காகிவிடும்.

இழுவைக் கெழு (காற்று கோளை எவ்வளவு இழுக்கும் என்பதற்கான எண்) 2.2, எடை 1.1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2.2 × 0.015 ÷ 1.1 = 0.03. தூரத்தை 3.986 × 10¹⁴ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 5.2 × 10¹⁰. நாளைக்கு 100 மீட்டர் என்பது வினாடிக்கு 0.00116 மீட்டர். அதை இவ்விரண்டின் பெருக்கலால் வகுத்தால் கன மீட்டருக்கு 7.4 × 10⁻¹³ கிலோ. கடல் மட்டத்தில் இது 1.2 கிலோ!

2019இல் சூரியன் அடங்கியிருந்தது. சூரியன் சீறினால் மேல்வளி சூடாகி உப்பும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் ஏறக்குறைய 40 அப்படித்தான் இழுவை கூடி விழுந்துபோயின.

பிற்சேர்க்கை: படிவம் நான்கு மாணவர் ஒருவருக்கு அடர்த்தி அறுபது மடங்குக்கும் மேல் குறைவாக வந்தது. 19005இலிருந்து 18360ஐ நேரே கழித்திருந்தார், 645 நாள். உண்மையில் பத்தே நாள். புத்தாண்டைத் தாண்டும் பதிவுகளுக்கு முதலில் தேதியாக மாற்றிக்கொண்டு, அப்புறம் கழியுங்கள்.