வீழ்ந்த குடிக்கு வரலாறு கட்டுவது எப்படி? வேலூர் வட்டாரத்தை வைத்து ஒரு செய்முறை

ஃபேன்டஸி கதை எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தங்கள் உலகத்தில் அழிந்துபோன ஒரு மனிதக் குடியை வைக்கிறார்கள். அதன் வரலாறு இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது: மாபெரும் நகரம், பேராசை பிடித்த அரசன், ஒரே இரவில் நாசம். படிப்பவருக்கு இது ஒட்டாது. எந்தக் குடியும் ஒரு நாளில் வீழ்வதில்லை. வீழ்ந்த பிறகு அது மறைந்துபோவதும் இல்லை. அதன் பெயர் ஒருவர் கைக்கும், ஏரி இன்னொருவர் கைக்கும், கோயில் வேறொருவர் கைக்கும் போய்ச் சேரும். அந்தக் கைமாற்றத்தை எழுதினால்தான் வரலாறு நிற்கும்.

வேலூரைச் சுற்றிய பழைய வட ஆர்க்காடு இதைக் கற்க நல்ல களம். வாணர், சம்புவராயர், விஜயநகரத்தின் கடைசி மரபான ஆரவீட்டு அரசர், ஆர்க்காட்டு நவாபுகள் என்று ஆண்டு முடிந்தவர்களின் தடம் ஒரே பாலாற்றுப் படுகையில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இதில் பயிற்சிக்காக ஒரு கற்பனைக் குடியை எடுத்துக்கொள்வோம். பெயர் ஊற்றர். மேலே வறண்டு மணலாகக் கிடக்கும் ஆற்றில் காதை வைத்து, அடியில் ஓடும் நீரைக் கேட்டுச் சொல்லும் திறன் உள்ளவர்கள். தலைநகரம் எழுமதகு. அவர்களை வென்றவர்கள் குன்றத்தார். அதே உலகத்தில் நானூறு ஆண்டு வாழும் யாளியர் என்ற இனமும் உண்டு.

ஒரு நோட்டும் ஒரு பெரிய சார்ட் தாளும் போதும்.

படி 1: மிச்சத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் அரசனிலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கதை நடக்கும் காலத்தில் அந்தக் குடியிலிருந்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். ஒன்பது மிச்சங்கள் வேண்டும்: கல்லில் மூன்று, பெயரில் மூன்று, பழக்கத்தில் மூன்று.

கல்லுக்கு வேலூர்க் கோட்டையைப் பாருங்கள். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில் பல நூற்றாண்டு மூலவர் இல்லாமல் இருந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981இல் கொண்டுவந்து மீண்டும் நிறுவினார்கள். கட்டியவர் போய், படை வந்து, படையும் போன பிறகும் கல் அங்கேயே இருந்தது. உங்கள் உலகத்துக் கோயிலுக்கும் இப்படி ஒரு இடைக்காலம் வையுங்கள். அந்த இடைவெளியில் அது என்னவாகப் பயன்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள்.

பெயருக்கு விரிஞ்சிபுரம். சம்புவராயரின் தலைநகரான படைவீட்டை விஜயநகரத்துக் குமார கம்பணர் 1360களில் வென்றார். ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து, 1425இல், விரிஞ்சிபுரம் கோயிலில் வெட்டிய கல்வெட்டு பேசுவது "படைவீட்டு ராஜ்யத்து" பிராமணர்களைப் பற்றி. பெண்ணுக்குப் பணம் வாங்காமல் கன்னிகாதானமாகத்தான் மணம் செய்து கொடுக்க வேண்டும் என்று அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அரசு போய்விட்டது, தலைநகரின் பெயர் மட்டும் வென்றவரின் மாகாணப் பெயராக உயிரோடு இருக்கிறது. ஊற்றருக்கும் இதையே செய்யலாம்: குன்றத்தாரின் வரிக்கணக்கில் இன்றும் அந்தப் பகுதி "எழுமதகு நாடு" என்றே எழுதப்படுகிறது.

பழக்கம்தான் மூன்றிலும் வலுவானது. புதியவர்கள் அதிகம் விட்டுவிடுவதும் இதைத்தான். நம்மூர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கடைசி விலை தெரியாது. வேலூர் அருகே பொய்கைச் சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனால் நேரில் பார்க்கலாம். எங்கள் எடுத்துக்காட்டு உலகத்தில் சந்தை விரல்பேச்சு ஊற்றரின் அரசவை மொழியாக இருந்தது. இப்போது அதைப் பேசும் தரகருக்கு அந்தச் செய்தி தெரியாது. ஏன் ஓர் அரசவை விரலால் பேசியது? அதற்கான விடை மூன்றாம் படியில் வரும்.

படி 2: சோற்றுக் கணக்கு

நகரத்தில் எத்தனை பேர், அவர்களுக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வீழ்ச்சியை எழுத முடியாது. கணக்கு எளிது. ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ அரிசி என்று வையுங்கள். நெல்லில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாக வரும். ஆக ஆளுக்கு 300 கிலோ நெல். பழைய கால மகசூலாக ஏக்கருக்கு 600 கிலோ என்று உங்கள் உலகத்துக்கு நிர்ணயித்துக்கொண்டால், ஆளுக்கு அரை ஏக்கர். விதை, வரி, எலி, அழுகல் எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் ஏக்கராக்குங்கள்.

எழுமதகில் 20,000 பேர் என்றால் 15,000 ஏக்கர் நஞ்சை வேண்டும். 3,000 ஏக்கர் பாயும் ஒரு ஏரி உடைந்தால் 4,000 பேரின் சோறு போச்சு. இந்த ஒரு எண் கையில் இருந்தால் பஞ்சக் காட்சியை யூகத்தில் எழுத வேண்டியதில்லை.

ஏரியை வெறும் "குளம்" என்று எழுதி விட்டுவிடாதீர்கள். வரத்துக்கால்வாய், கரை, மதகு, கலங்கல் என்று நான்கு உறுப்பு உண்டு. நான்கும் நான்கு விதமாகக் கெடும். வரத்துக்கால்வாயை மேட்டு ஊர்க்காரன் அடைத்துக்கொள்வான். கரை பெருமழையில் அரிக்கும். மதகுக் கல் பெயர்ந்தால் நீர் தானாக ஒழுகும். கலங்கலை மண் மூட்டை வைத்து உயர்த்தினால், கூடுதல் நீர் போக வழியின்றிக் கரையே உடையும். இவற்றைவிட மெல்ல வரும் கேடு வண்டல். ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் ஏரி நிரம்பித் தெரியும், ஆனால் அதில் பாதி மண். வீழும் குடிக்கு இதைவிடப் பொருத்தமான கேடு கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நிறைவாகவே தெரியும்.

படி 3: வீழ்ச்சியை நீட்டுங்கள்

தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டு, தலைநகரம் விழுந்த ஆண்டை 0 என்று குறியுங்கள். அதற்கு முன் 60 ஆண்டு, பின் 60 ஆண்டு.

விஜயநகரம் 1565இல் தலைக்கோட்டையில் முடிந்தது என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் ஆரவீட்டு அரசர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரை மாற்றிக்கொண்டே அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்டார்கள். 1614இல் இரண்டாம் வேங்கடர் இறந்ததும் வாரிசுச் சண்டை. ஜக்கராயன் என்ற பிரபுவின் தரப்பு புதிய அரசர் ஸ்ரீரங்கரையும் குடும்பத்தையும் வேலூரில் சிறைவைத்துக் கொன்றது. அரசர் பக்கம் நின்ற யாசம நாயக்கர் இளவரசன் ராமதேவனை மட்டும் ஒரு சலவைத் தொழிலாளி மூலம் கோட்டைக்கு வெளியே எடுத்துவிட்டார். பிறகு இரு தரப்புக்கும் தோப்பூரில் போர். தோல்விக்கும் முடிவுக்கும் நடுவே எண்பது ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த எண்பது ஆண்டில்தான் கதை இருக்கிறது.

இனி ஊற்றர். அவர்களின் திறனுக்கு ஒரு விலை வையுங்கள்: ஆற்றில் ஓர் ஊற்றுக்கால் (மணலுக்கு அடியில் ஓடும் நீரை வெளியே எடுக்கும் கால்வாய்) திறந்தால், நீரைக் கேட்டவரின் செவி போய்விடும். அதனால் பழைய சட்டம், நாற்பது வயது கடந்தவர் மட்டும் ஆளுக்கு ஒன்று திறக்கலாம். செவி இழந்தவர்களுக்குக் "கேளார்" என்ற பட்டமும் அவையில் இடமும் உண்டு. அவை விரலால் பேசிய காரணம் இதுதான்.

ஆண்டு 60 முன்பு, நகரம் பெருகுகிறது, பதினாறு வயதானவரும் திறக்கலாம் என்று அரசன் ஆணையிடுகிறான். ஆள் எல்லாம் ஆற்றுக்குப் போனதால் ஏரிகளில் தூர் வாருவது நிற்கிறது. 22 முன்பு, கேட்கும் செவியுள்ள கடைசித் தலைமுறையும் தீர்கிறது. 9 முதல் 6 முன்பு வரை மழையில்லை. வண்டல் ஏரிகள் முதல் ஆண்டிலேயே வற்றுகின்றன. ஆண்டு 0இல் குன்றத்தார் வரும்போது வாயிலைத் திறந்துவிடுபவர்கள் உள்ளே இருப்பவர்களே, ஏனென்றால் வந்தவர்களிடம் தானியம் இருக்கிறது.

இங்கே எது எதைத் தூண்டியது என்று பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் முந்தையதிலிருந்து வர வேண்டும். "திடீரென்று நோய் பரவியது" என்று ஒரு கண்ணி சங்கிலிக்கு வெளியிலிருந்து வந்து விழுந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஆணை போட்டபோது பத்து வயதாக இருந்தவருக்கு ஆண்டு 0இல் எழுபது. முழுச் சரிவையும் கண்ட ஒரு சாட்சி உங்களுக்குக் கிடைத்துவிட்டார்.

படி 4: யார் எங்கே போனார்கள்

அரச குடும்பம், படை, உழவர், கைவினைஞர், பூசாரி, ஐவருக்கும் ஐந்து வழி எழுதுங்கள். உழவர் பெரும்பாலும் அதே ஊரில், வேறு ஒருவருக்கு வரி கட்டிக்கொண்டு இருப்பார்கள். கைவினைஞரை வென்றவரே அழைத்துக்கொள்வார்.

அரச குடும்பம்தான் சிக்கல். அவர்கள் பெயரே பறிபோகலாம். பாலாற்றின் வடபுறம் ஆண்ட வாணர்கள் தங்களை மாபலியின் வழியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள். முதலாம் பராந்தக சோழர் வாண அரசர் இருவரை வேரோடு பெயர்த்து, வாணர்க்கு உரிய பட்டத்தைத் தன் நண்பரான கங்க அரசர் பிருதிவிபதிக்குக் கொடுத்ததைச் சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. தோற்றவனின் பெயரை இன்னொருவன் பட்டமாக அணிந்து எதிரே நடக்கிறான். எந்தக் கற்பனைக்கும் இதற்கு மேல் வலி சேர்க்க முடியாது. உங்கள் கதையில் "எழுமதகுடையான்" என்ற பட்டம் இப்போது யாரிடம் இருக்கிறது?

உயிரோடு விட்ட வாரிசுகள் வென்றவருக்குத் தலைவலி. 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியில் திப்புவின் கொடி அங்கே ஏறியது. அதன் பிறகு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும் இதே கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் உண்டு.

படி 5: ஒரே நிகழ்வு, இரண்டு வாய்

949இல் ராஷ்டிரகூடரோடு தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசர் இராசாதித்தர் யானைமேல் இருந்தபடி இறந்தார். ஆதகூர்க் கன்னடக் கல்வெட்டின்படி ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க அரசர் பூதுகர் அம்பாரியையே போர்க்களமாக்கி அவரைக் கொன்றார். சோழர் தரப்பின் பெரிய லெய்டன் செப்பேடோ, ராஷ்டிரகூட அரசர் கிருஷ்ணரின் அம்புபட்டு வீரசுவர்க்கம் போனார் என்கிறது. கொன்றவர் யார் என்பதே மாறுகிறது. யானை மட்டும் இரண்டிலும் நிற்கிறது.

இந்த அளவு போதும்: ஒரு விவரம் பொருந்த வேண்டும், ஒரு விவரம் முரண வேண்டும். முழுக்க முரண்பட்டால் வாசகர் இரண்டையும் விட்டுவிடுவார்.

நெடுங்காலம் வாழும் இனம் உங்கள் உலகத்தில் இருந்தால் இங்கே கவனம் தேவை. மனிதரின் நேரடி நினைவு மூன்று தலைமுறை, எண்பது ஆண்டுக்குள் அடங்கும். யாளியர் நானூறு ஆண்டு வாழ்கிறார்கள். நகரம் விழுந்ததைக் கண்ட யாளி இன்றும் இருப்பார், அவரைக் கேட்டால் மர்மம் முடிந்தது. பலருடைய நாவல் இந்த ஓட்டையில்தான் மூழ்குகிறது. "அவர்கள் மறந்துவிட்டார்கள்" என்று சமாளிக்காதீர்கள். அவர்கள் வாய் திறக்காததற்கு ஓர் ஆதாயம் கொடுங்கள். ஊற்றர் விட்டுப்போன மதகுகளின் நீருரிமை யாளியருக்குப் போயிற்று, உண்மை வெளிவந்தால் அது திரும்பக் கேட்கப்படும்.

படி 6: ஒரு நடுகல்லை நீங்களே எழுதுங்கள்

இதை விடாமல் செய்யுங்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல்லவர் கால வட்டெழுத்தில் இருப்பவை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மரின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்த வீரனுக்கு வைத்தது. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகத் தனியே எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுக்குப் பிறகும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

நடுகல்லின் உறுப்புகள்: அரசன் பெயரும் ஆட்சியாண்டும், நிகழ்ந்தது, இறந்தவன் யாருடைய மகன், உடனிருந்த ஒன்று. இவற்றோடு கோயில் கல்வெட்டின் முடிவில் வரும் ஓம்படையையும், அதாவது கல்வெட்டில் சொன்னதை அழிப்பவருக்கு விடும் எச்சரிக்கையையும், சேர்த்துக்கொள்ளுங்கள். "இது இறக்குவான் கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வான்" என்று நம் கல்வெட்டுகள் முடியும். ஊற்றருக்கு:

"நீர் வாழ்க. எழுமதகுடைய கீரனார்க்கு யாண்டு பதினொன்றாவது மேல்கரை ஆநிரை குன்றத்தார் கொள்ள, மீட்டுப் பட்டான் கேளார் மகன் மாறன் கல். இவன் நாய் கருவியும் உடன்பட்டது. இக்கல் பெயர்ப்பான் கேட்ட நீரெல்லாம் வற்றும்."

"பட்டான்" என்றால் சண்டையில் இறந்தான், "உடன்பட்டது" என்றால் கூடவே இறந்தது. இருபத்தைந்து சொற்களுக்குள் ஆட்சி முறை, எதிரி, பட்டம், நம்பிக்கை எல்லாம் வந்துவிட்டன. சொற்கள் குறைவாக இருப்பதுதான் இதன் பலம். கல் வெட்டுபவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் உளி வேலை, அவன் அலங்காரம் செய்ய மாட்டான். நீளமாகப் பேச வேண்டுமென்றால் ஓலைக்கு மாற்றுங்கள். ஆனால் ஓலையைப் படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படியெடுக்க ஆளில்லாத குடிக்கு ஓலை மிஞ்சாது.

படி 7: கதைக்குள் எவ்வளவு போட வேண்டும்

எழுதியதில் பத்தில் ஒரு பங்கு. முதல் அத்தியாயத்தில் பழக்கம் ஒன்று மட்டும் வரட்டும், சந்தைத் துண்டும் அதன் அடியில் விரல்களும். கல் நான்காம் ஐந்தாம் அத்தியாயத்தில், அதுவும் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியாக, எழுத்துள்ள பக்கம் கீழே கவிழ்ந்து கிடக்கட்டும். மூன்றாம் படியின் காலக்கோட்டை எந்தப் பாத்திரமும் முழுதாக எடுத்துச் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு கண்ணி தெரிந்தால் போதும்: தரகருக்கு விரல், வரிக்கணக்கருக்குப் பெயர், யாளிக்கு மதகு. மூவரும் ஒரே அறையில் சேரும் அத்தியாயம் எது என்று சார்ட் தாளின் ஓரத்தில் இப்போதே குறித்துவிடுங்கள்.