வேலைத்தலத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் அமர்வுகளை நடத்த ஊழியர்களைத் தயார்ப்படுத்துதல்

வெளியிலிருந்து வரும் வளவாளர் இரண்டு மணித்தியாலம் பேசிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் காசாளர் மேசைக்கருகில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதனாலேயே யாழ்ப்பாணத்திலுள்ள கடையோ, வங்கிக் கிளையோ, அரச அலுவலகமோ, தன் ஊழியர்களிலிருந்தே இருவரையாவது இதற்குப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறேன்.

மேடையில் நன்றாகப் பேசுபவரைத் தேடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள், அவரே பொருத்தமானவர். ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக இருவர் இருப்பது நல்லது. அமர்வில் இருப்பவர்களின் லீவுக்குக் கையொப்பமிடுபவர் பயிற்றுநராக இருக்கக் கூடாது.

சட்டத்தைக் கற்பிக்க அரை நாள் போதும். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லாலோ செயலாலோ ஒருவரைப் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டுகள் வரை சிறையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம், நட்டஈடும் செலுத்தப் பணிக்கலாம். “தொட்டால்தானே குற்றம்?” என்ற கேள்வி கட்டாயம் வரும் என்பதால், இதைத் தாளைப் பாராமல் விளக்க அவர்கள் பழக வேண்டும்.

அதிக நேரம் உதாரணங்களுக்கே தேவை. மொழிபெயர்த்த கையேட்டில் உள்ளவை எங்கள் ஆட்களின் மனதில் நிற்பதில்லை. “தங்கச்சி மாதிரித்தானே” என்று சொல்லிக்கொண்டு தோளில் கை வைக்கும் மேற்பார்வையாளரையும், இரவு பத்து மணிக்குப் பிறகு “சாப்பிட்டாச்சோ?” என்று வைபரில் நாள்தோறும் கேட்கும் முகாமையாளரையும் எடுத்துப் பேசச் சொல்லுங்கள். உறவுமுறை சொல்லி அழைக்கும் இடத்தில் மறுப்பது எவ்வளவு கடினம் என்பதும், அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அப்போதுதான் கேட்பவர்களுக்கு விளங்கும்.

நான் விட்ட பிழையொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் அமர்வில், முகாமையாளர் முன்வரிசையில் இருக்கும்போதே, “இங்கு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?” என்று கேட்டுவிட்டேன். ஒரு பெண் கொப்பியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். அடுத்த அமர்வுக்கு அவர் வரவில்லை. இன்றுவரை அது எனக்கு வேதனைதான். ஆகவே அந்தக் கேள்வியைச் சபையில் கேட்பதில்லை என்பதை முதல் நாளிலேயே உறுதியாகப் பழக்குங்கள்.

யாராவது தனியாக வந்து சொன்னால், பயிற்றுநர் விசாரணையாளராக மாறக் கூடாது. குறுக்கிடாமல் கேட்டு, “நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” என்று வினவி, வழிகளை எடுத்துச்சொல்ல வேண்டும்: நிறுவனத்துக்குள் முறைப்பாடு, பொலிஸ் நிலையத்தின் பெண்கள் மற்றும் சிறுவர் பிரிவு, சட்ட உதவி ஆணைக்குழு, 1938 என்ற மகளிர் உதவி இலக்கம். அரச ஊழியராக இருந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் போகலாம். “ஒருவருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காமல், “உங்களைக் கேட்காமல் சொல்லமாட்டேன்” என்று சொல்லவே பழக்குங்கள். ஆபத்து இருந்தால் என்ன செய்ய நேரிடும் என்பதையும் அப்போதே தெரிவிக்க வேண்டும்.

அவர்கள் நடத்தும் முதல் அமர்வில் நீங்கள் கடைசி வரிசையில் இருந்து பாருங்கள், இடையில் பேசாதீர்கள். முடிந்த பின், உதவி இலக்கங்கள் எழுதிய தாளை அறிவித்தல் பலகையில் மட்டுமன்றி, பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டச் செய்யுங்கள். அங்குதான் பிறர் பாராமல் குறித்துக்கொள்ளலாம்.